பத்து மைல் தூரம்: பேசின் பிரிட்ஜில் வறுமையும் நிவாரணமும்

சென்னை சென்ட்ரலுக்குள் நுழையும் ரயில்கள் அனைத்தும் கடைசியாகக் கடந்தாக வேண்டிய இடம் பேசின் பிரிட்ஜ். பக்கிங்ஹாம் கால்வாயும் ரயில் பாதைகளும் வால்டாக்ஸ் சாலையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு செல்லும் இக்குறுகிய நிலத்துண்டில், சரக்குப் படகுகள் ஒதுங்கி நின்று சுமையை இறக்குவதற்கும் திரும்புவதற்கும் ஏற்றவாறு கால்வாயை அகலப்படுத்தி அமைத்த தேக்கத்துக்கே ஆங்கிலேயர் பேசின் என்று பெயரிட்டனர். அதனருகே எழுந்த பாலத்தின் பெயர் பின்னர் வட்டாரம் முழுவதற்கும் ஆகிவந்தது. எண்ணூரின் உப்பும், ஸ்ரீஹரிக்கோட்டாவின் சவுக்கு விறகும், துறைமுகத்தில் இறங்கிய அரிசியும் நிலக்கரியும், பெரம்பூர் ஆலைகளின் துணியும் இரு நூற்றாண்டுகளில் வெவ்வேறு காலங்களில் இவ்வட்டாரத்தின் வழியாகவே நகர்ந்தன. இச்சரக்குகளைத் தலையிலும் முதுகிலும் சுமந்தவர்கள் வாழ்ந்த புளியந்தோப்பு, வியாசர்பாடி, மூலக்கொத்தளம், கொருக்குப்பேட்டைக் குடியிருப்புகளோ நகரின் மிக வறிய பகுதிகளின் வரிசையில் தொடர்ந்து இருந்துவந்துள்ளன.

பொருள் பற்றாக்குறையே வறுமைக்குக் காரணம் என்ற எளிய விளக்கம் இப்படிப்பட்ட இடத்தில் செல்லுபடியாவதில்லை. இங்கே பொருளும் இருந்தது, வேலையும் இருந்தது. வேலை அன்றாடக் கூலியாக இருந்ததும், குடியிருந்த நிலம் பிறருடையதாகவோ அரசின் புறம்போக்காகவோ இருந்ததும் இவ்வட்டார வறுமையின் இரு அடிப்படைகள் எனலாம். இவ்விரண்டையும்விடக் குறைவாகவே பேசப்பட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு. வறியவருக்கு உதவ அரசு முன்வந்த பெரும்பாலான முறைகளில், உதவி பெறுபவர் தம் இடத்தை விட்டு விலகிச் செல்லவேண்டும் என்ற நிபந்தனை ஏதேனும் ஒரு வடிவில் அந்த உதவியோடு ஒட்டிக்கொண்டே வந்துள்ளது. பேசின் பிரிட்ஜின் கதையில் இந்த மூன்றாவது இழை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

நிவாரணத்தின் தொடக்கம் இவ்வட்டாரத்தில் கஞ்சியாக இருந்தது. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் புகுந்தபோது, எரிந்த ஊர்களையும் விதைக்கப்படாத வயல்களையும் விட்டு வெளியேறிய குடியானவர்கள் மதராஸ் கோட்டையின் பாதுகாப்பை நாடி வந்து குவிந்தனர். போரும் பஞ்சமும் ஒன்றையொன்று வளர்த்த 1782ஆம் ஆண்டில், கருப்பர் நகரத்தின் வடக்கு மதிலையொட்டி அவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று உருவாயிற்று. கருப்பர் நகரம் என்பது கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த, இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி. அதைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் செலவை ஈடுகட்ட வகுத்த வரியின் நினைவாகத்தான், அந்த வரி வசூலாகாமலே போனபோதிலும், வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஊர் நிர்வாகியைக் குறிக்கும் மணியகாரர் என்ற பதவிப்பெயர் ஆங்கிலேயர் வாயில் மாறி, மணிகர் சத்திரம் என்று அந்தக் கஞ்சிக்கூடத்துக்கு வழங்கலாயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பல படிகளைக் கடந்து அதுவே ஸ்டான்லி மருத்துவமனையாகி, 1938இல் மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. வடசென்னையின் முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே நெடுங்காலம் அழைத்துவந்தனர்.

கஞ்சிக்கூடத்தின் விதி எளிமையானது. பசித்தவர் வந்தார், உண்டார். சமூகத்தின் கொடை மரபிலிருந்து முளைத்த இத்தகைய உதவிக்குப் பசியைத் தவிர வேறு தகுதிச் சோதனை எதுவும் பெரிதாக இருக்கவில்லை என்பதைப் பின்னால் வரப்போகும் ஏற்பாடுகளோடு ஒப்பிடும்போது மனத்தில் கொள்ளவேண்டும்.

நகரத்துக்கு வந்து சேர்ந்த ஏழைகள் எங்கிருந்து வந்தனர் என்ற கேள்விக்கு விடை, நகரைச் சூழ்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் நில உறவுகளில் கிடைக்கிறது. அங்கே நிலத்தின் மீதான உரிமை மிராசு என்ற பரம்பரைக் காணியாட்சியாக வேளாளர், பிராமணர் போன்ற சாதியினரிடம் குவிந்திருந்தது. உழுதவர்களான ஆதிதிராவிடர்களோ, படி அளந்து கூலி பெறும் படியாள்களாக, வாங்கிய சிறுகடனுக்கு ஈடாக நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தனர். அடிமை நிலையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843ஆம் ஆண்டுச் சட்டம் கூறியபின்னும் கடன் பத்திரம் அந்த வேலையைத் தொடர்ந்து செய்துவந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை இந்த நிலையைத் தயக்கமின்றி விவரித்தது: மிராசுதாரரின் முன்னுரிமை காரணமாகத் தரிசு நிலத்தைக்கூட ஆதிதிராவிடர் கேட்டுப் பெற முடியவில்லை, அவர்கள் குடியிருந்த மனைகூட அவர்களுடையதாக இல்லை. அதன் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பின்னாளில் அறியப்பட்டது இதுவே. ஆனால் அறிக்கை எழுதப்படுவதற்கு நெடுநாள் முன்பே, நிலமற்றவர்கள் இரு வழிகளில் வெளியேறத் தொடங்கியிருந்தனர். ஒன்று கடல்வழி: 1860 அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை மதராஸிலிருந்து ஏற்றிச் சென்றது. மற்றொன்று நடைவழி. வடக்கு மதிலுக்கு வெளியே, கால்வாயும் ரயிலும் புதிதாகக் கூலிவேலையை உருவாக்கிக்கொண்டிருந்த தாழ்நிலத்தில் வந்து குடிசை போடுவது அது. ஊரில் மனை இல்லாதவர் நகரத்திலும் மனை இல்லாதவராகவே வந்து சேர்ந்தார் என்பது இந்த நகர்வின் முக்கியமான உண்மை.

அந்தக் கால்வாய் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகரிலிருந்து எண்ணூர் வரை ஏறத்தாழ 11 மைல் தொலைவுக்கு வெட்டப்பட்டது. அதற்கு முதலீடு செய்த பேசில் காக்ரேன் பெயராலேயே முதலில் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டு படிப்படியாக வடக்கே நீட்டியது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டது. அதே காலத்தில் பெரம்பூரில் ரயில்வே பணிமனை எழுந்தது. 1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவின் மிகக் கொடிய பஞ்சம் தொடங்கிற்று. ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்று அதிகாரிகள் நம்பியிருந்தனர். நடந்தது வேறு.

1876இல் பருவமழை பொய்த்தபோது தானியத்தின் விலை, விளைச்சல் குறைந்த அளவைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக உயர்ந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் மதராஸ் கடற்கரையில் மலைபோல் குவிந்தன. ரயிலோ அவற்றை உள்நாட்டுக்குக் கொண்டுசென்றதோடு, வாங்கும் சக்தி இல்லாத இடங்களிலிருந்து அது உள்ள இடங்களுக்குத் தானியத்தை இழுத்துச் செல்லவும் பயன்பட்டது. கூலி உழைப்பைத் தவிர விற்பதற்கு ஏதுமற்றவர்களே முதலில் விழுந்தார்கள். வேளாண்மை நின்றதும் அவர்களுடைய கூலியும் நின்றது, கூலி நின்ற அதே வாரத்தில் அரிசி எட்டாத விலைக்குச் சென்றது. தானியம் இருப்பதும் அதைப் பெறும் வழி இருப்பதும் இரண்டு வேறு செய்திகள் என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியான தம் நூலில் பஞ்சங்களைப் பற்றி விளக்கியது, 1876இன் மதராஸ் கடற்கரையில் எவரும் கண்ணால் காணக்கூடியதாக இருந்தது.

இந்நிலையில் 1877 ஜனவரியில், வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் பஞ்சப் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் மதராஸ் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் ஏற்பட்ட தட்டுப்பாட்டின்போது தாராளமாகத் தானியம் வாங்கி, உயிர்ச்சேதத்தைப் பெருமளவு தவிர்த்தவர் அவர். அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்று அதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டவரும் அவரே. அந்தக் கண்டனத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் மதராஸில் அவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றிலும் தெரிகிறது. நிவாரண வேலைத்தளங்களில் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவுக்கு மேற்படாத காசும் போதும் என்று அவர் குறைத்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதனினும் குறைவு. டெம்பிள் கூலி என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்த அளவை, மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வெளிப்படையாக எதிர்த்தார். உடலுழைப்பில் ஈடுபடும் மனிதனுக்கு இது உயிர்தாங்கவும் போதாது, சிறைக்கைதிகளுக்கு அளிக்கப்படும் உணவைவிடக் குறைவு என்பது அவருடைய வாதம். மதராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி இந்த விவாதத்தைப் பத்திரிகையில் எழுதியதோடு 1878இல் இரு தொகுதிகள் கொண்ட நூலாகவும் ஆக்கினார். சில மாதங்களில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் இறந்தவர்கள் இறந்துவிட்டனர்.

கூலியைக் காட்டிலும் ஆழமான விளைவை உண்டாக்கியது, நிர்வாக மொழியில் தூரச் சோதனை எனப்பட்ட விதி. உண்மையிலேயே பசித்தவர்தானா என்று அறிவதற்கு, நிவாரண வேலை கேட்டு வருபவர் தம் ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பாலுள்ள முகாமுக்குச் சென்று தங்கி வேலை செய்யவேண்டும் என்றும், வீட்டருகே வேலை தரக்கூடாது என்றும் அது வகுத்தது. அருகிலேயே கொடுத்தால் தேவையற்றவர்களும் வந்துவிடுவார்கள், தூரம் வைத்தால் தேவையுள்ளவர் மட்டுமே வருவர் என்பது இதன் தர்க்கம். கணக்குப் புத்தகத்தில் ஒழுங்காகத் தோன்றும் இந்தத் தர்க்கம் தரையில் நேர்மாறாக வேலை செய்தது. கையில் சிறிது பலம் மிச்சமிருந்தவர்கள் நடந்து சென்றார்கள். உதவி மிகவும் தேவைப்பட்ட முதியவர்களும் கைக்குழந்தையோடிருந்த பெண்களும் நோயுற்றவர்களும் நடக்க முடியாமல் பின்தங்கினர். பலர் முகாம்களைத் தவிர்த்து நகரத்தை நோக்கித் திரும்பினார்கள். மணிகர் சத்திரமும் நகரோர முகாம்களும் மீண்டும் நிரம்பின. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இந்தப் பஞ்சம் 55 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக மதிப்பிடப்படுகிறது. இது குறைந்தபட்சக் கணக்கு. லண்டனில் மேயரின் நிதியம் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி அனுப்பியது. மற்றொரு புறம், பஞ்சம் அடங்குவதற்குள்ளேயே, ஏழையின் கஞ்சிக்கும் தவிர்க்கமுடியாத உப்பின் மீதான வரி மதராஸில் உயர்த்தப்பட்டது. ஒரு கை கொடுத்ததை மறுகை எடுத்துக்கொண்டது என்று இதைச் சொல்வது மிகையாகாது.

பேசின் பிரிட்ஜின் நிலத்தோற்றத்தை மாற்றியதும் இந்தப் பஞ்சமே. 1877-78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்ப் பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது; அதன்மூலம் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாயின. பட்டினிக் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பில் முழுமை பெற்ற அந்த நீர்வழிக்கு, அப்போதைய ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் இடப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட இவ்வழி, அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேல் நகரத்தின் அடுப்பையும் உப்புச் சட்டியையும் நிரப்பிவந்தது.

கால்வாய் ஓரத்தில் உருவான வேலைமுறை, வறுமையைத் தலைமுறை தலைமுறையாக நீடிக்கச்செய்த காரணங்களுள் தலையானது. 1805 முதல் அரசின் ஏகபோகமாக இருந்த உப்பு, எண்ணூர்ப் பக்கத்து அளங்களிலிருந்து படகில் வந்து பேசின் அருகே சால்ட் கோட்டர்ஸ் எனப்பட்ட கிடங்குகளில் இறங்கிற்று. பிற்காலத்தில் அதே பெயரில் ரயில்வே சரக்குக் கொட்டகை அமைந்தது. விறகு வந்து இறங்கிய துறைகளை ஒட்டி விறகுத்தொட்டிகள் பெருகின. படகு வரும் நாளில் ஆள் வேண்டும், வராத நாளில் வேண்டாம். ஆகவே முதலாளிகள் நிரந்தரமாக யாரையும் அமர்த்தாமல், மேஸ்திரி அல்லது நாட்டாமை என்ற கூட்டத்தலைவர் மூலம் அன்றன்றைக்கு ஆள் எடுத்தனர். கூலியில் ஒரு பங்கு மேஸ்திரிக்குப் போயிற்று. சரக்கு வரத்தின் ஏற்ற இறக்கத்தால் விளையும் நட்டம் முழுவதும் வணிகரிடமிருந்து இறங்கி, மூட்டை தூக்குபவரின் சோற்றுப்பானையில் வந்து நின்றது. வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஒருவர் துறையை விட்டுத் தொலைவில் குடியிருக்க முடியாது; விடியற்காலையில் மேஸ்திரியின் கண்ணில் படும் தூரத்தில் இருந்தாக வேண்டும். கால்வாய்க் கரையின் சேற்றிலும் ரயில் பாதையோரத்திலும் குடிசைகள் அடர்ந்ததற்குக் காரணம் அறியாமையோ ஒழுங்கின்மையோ இல்லை. கூலியின் வேளை அங்கே குடியிருக்கும்படி அவர்களை நிர்ப்பந்தித்தது.

வேலை இல்லாத நாள்களைக் கடத்த உதவிய ஒரே நிறுவனம் கடன். தண்டல் என்று வடசென்னையில் வழங்கும் நாள்வசூல் கடனில், வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்; முழுத்தொகையையும் நூறு நாள்களில் நாளொன்றுக்கு நூறில் ஒரு பங்காகத் திருப்பிக் கட்டவேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வங்கி கேட்கும் வட்டியோடு ஒப்பிட்டால் இதன் ஆண்டு வட்டி விகிதம் திகைக்க வைப்பது. ஆயினும் ஈடும் பத்திரமும் கேட்காமல், மாலையில் வாசலுக்கே வந்து வசூலித்துச் செல்லும் தண்டல்காரரை விட்டால், மழைக்காலத்தில் பத்து நாள் வேலை நின்றவருக்குப் போக்கிடம் கிடையாது. செங்கல்பட்டின் படியாளைக் கட்டிவைத்த கடன் பத்திரம் நகரத்தில் தாளை இழந்து வாய்ச்சொல்லாக மாறியதே தவிர, இறந்துவிடவில்லை.

மாதச் சம்பளம் தரும் வேலை இவ்வட்டாரத்துக்கு ஆலைகளின் வடிவில் வந்தது. பின்னி நிறுவனம் 1870களில் பக்கிங்ஹாம் ஆலையையும் 1880களின் தொடக்கத்தில் கர்நாட்டிக் ஆலையையும் பெரம்பூருக்கும் புளியந்தோப்புக்கும் இடையே நிறுவிற்று. பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே நூற்கவும் நெய்யவும் கற்றனர். முதல் உலகப்போர்க் காலத்தில் இராணுவத் துணிக்குக் கிடைத்த தேவையால் ஆலைகள் செழித்தன, விலைவாசி உயர்ந்தது, கூலி பின்தங்கியது. நீண்ட வேலை நேரம், உணவுக்கான குறுகிய இடைவேளை, மேற்பார்வையாளர்களின் அடி உதை ஆகியவற்றைப் பற்றிய முறையீடுகளை முன்வைத்து, பெரம்பூரில் பக்திச் சபை ஒன்றை நடத்திவந்த செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் இராமானுஜலு நாயுடுவும் அரசியல் தலைவர் பி.பி. வாடியாவை அணுகியதன் விளைவாக, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அது மதிக்கப்படுகிறது. தமிழறிஞர் திரு.வி.க. அதன் துணைத்தலைவர்களுள் ஒருவராக இருந்தார். 1920இன் கதவடைப்பின்போது, டிசம்பர் 9 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் இரு தொழிலாளர்கள் மாண்டனர். சங்கத் தலைவர்கள் மீது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையை வலுப்படுத்தி, 1926ஆம் ஆண்டுச் சட்டம் வர ஒரு காரணமாயிற்று.

இந்த இயக்கத்தின் பெருமையைப் பேசும் நூல்கள் 1921ஐ விரைந்து கடந்துவிடுவது வழக்கம். அவ்வாறு கடப்பது வறுமையைப் புரிந்துகொள்ளத் தடையாகிறது. அவ்வாண்டு ஜூனில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். முந்தைய ஆண்டின் கதவடைப்பின்போது கூலியின்றிக் கழிந்த மாதங்களில் பட்ட கடன் அவர்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஊரில் திரும்பிச் செல்ல ஒரு துண்டு நிலமோ உறவின் பத்தாயமோ இல்லாதவர்களும் அவர்களே. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள், தங்களைத் தீண்டாமல் ஒதுக்கிவைத்த சமூகத்தின் போராட்டத்துக்காகத் தம் மக்கள் ஏன் பட்டினி கிடக்கவேண்டும் என்று கேட்டதில் நியாயம் இருந்தது. ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மோதல்கள் மாதக்கணக்கில் நீண்டன. ஆகஸ்ட் 29 அன்று பெரம்பூரில் காவல்துறை சுட்டதில் வேலைநிறுத்தத் தொழிலாளர் எழுவர் உயிரிழந்தனர். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஒரே ஆலையில், ஒரே கூலியில், ஒரே சேற்றில் வாழ்ந்தவர்களிடையே கூட வறுமை ஒரே அளவில் இருக்கவில்லை என்பதும், சாதியால் பிளவுண்ட வறுமை சங்கத்தையும் பிளந்தது என்பதும் இந்த நான்கு மாதங்கள் விட்டுச்சென்ற கசப்பான செய்தி. தொழிலாளர் ஒற்றுமை குலைந்ததற்கு ஆதிதிராவிடரைக் குறைகூறிய அன்றைய எழுத்துகள், பசியைத் தாங்கும் காலம் எல்லோருக்கும் சமமானதில்லை என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதே ஆண்டுகளில் வேறு திசையில் ஒரு சிறு முயற்சியும் நடந்தது. கொருக்குப்பேட்டையில் பிறந்த பி. தியாகராய செட்டி தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் மதிய உணவு வழங்க முடிவெடுத்தது. பசியால் பள்ளிக்கு வராமல் போகும் பிள்ளை, எழுத்தறியாத கூலியாகிறது, அதன் பிள்ளையும் அவ்வாறே ஆகிறது என்ற சுழற்சியை அறுக்க எடுத்த முயற்சி அது. கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு இசையாததால் 1925இல் நின்றுபோனது. பின்னாளில் அந்த எண்ணம் மீண்டும் உயிர்பெற்று, 1956இல் காமராசர் காலத்திலும் 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் பெருகி, 2022இல் காலை உணவாகவும் விரிந்தது. பிள்ளை இருக்கும் இடத்துக்கே உணவு சென்ற இந்த ஏற்பாடு, தூரச் சோதனையின் தர்க்கத்தைத் தலைகீழாக்கியது என்று கொள்ளலாம். தமிழ்நாட்டின் வறுமை ஒழிப்பு முயற்சிகளில் மிகுந்த பலன் தந்தது இதுவே என்பதும் தற்செயல் அல்ல.

குடியிருப்பின் கதை அவ்வளவு நல்லதாக அமையவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் எழுந்து நகரத்துக்கு வெளிச்சம் தந்தபோதும், அதன் மதிலையொட்டிய குடிசைகளில் மண்ணெண்ணெய் விளக்குகளே நெடுநாள் எரிந்தன. 1961இல் நகரில் 548 குடிசைப் பகுதிகள் இருந்தன; 1971இல் அவை 1202ஆகவும் அவற்றில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 7.37 லட்சமாகவும் கணக்கிடப்பட்டன. ஆண்டுதோறும் கோடையில் தீயும் ஐப்பசி கார்த்திகையில் வெள்ளமும் இக்குடிசைகளை மாறிமாறி அழித்தன. 1970இல் மு. கருணாநிதி அரசு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டில் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. அந்த முதற்கட்டத்தில் வாரியம் கடைப்பிடித்த கொள்கை, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித்தருவது. இந்தியாவில் அன்று பிற நகரங்கள் குடிசைவாசிகளைப் புறநகருக்குத் துரத்திக்கொண்டிருந்த சூழலில் இது துணிச்சலான முடிவு; கூலிக்கும் குடியிருப்புக்கும் உள்ள பிணைப்பைப் புரிந்துகொண்ட முடிவும்கூட. அறைகள் சிறியவை, கட்டடத்தின் தரம் ஏற்றத்தாழ்வானது, பராமரிப்பு மோசம். ஆனால் மூட்டை தூக்குபவர் காலையில் நடந்தே வேலைக்குப் போக முடிந்தது.

இந்தக் கொள்கை நீடிக்கவில்லை. 1977 முதல் உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த நகர்ப்புற வளர்ச்சித் திட்டங்கள், கட்டித்தருவது செலவு மிக்கது என்று சொல்லி, மனையும் அடிப்படை வசதியும் மட்டும் தருவதை முன்னிறுத்தின. இன்னொரு மாற்றம் ஓசையின்றி நடந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு முறையாக அறிவித்தால்தான் அங்கே வாழ்வோருக்குச் சட்டப் பாதுகாப்பும் தண்ணீர், கழிப்பறை போன்ற வசதிகளுக்கான உரிமையும் கிடைக்கும். முதலில் 1202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985இல் 17 சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அப்பட்டியல் நீளவில்லை. கால்வாய்க் கரையில் பின்னர் வந்து குடியேறியவர்களும், முன்பே இருந்தும் விடுபட்டவர்களும் ஆவணத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆயினர்; வறியவர் என்ற அடையாளத்தை ஆக்கிரமிப்பாளர் என்ற அடையாளம் விழுங்கிற்று.

வேலையின் அடித்தளமும் இதே காலத்தில் கரைந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தபின் படகுப் போக்குவரத்து மீளவில்லை. சமையல் எரிவாயு பரவியபின் விறகுத்தொட்டிகள் ஒவ்வொன்றாக மூடின. துறைமுகத்தில் கன்டெய்னர்கள் வந்து மூட்டையின் தேவையைக் குறைத்தன. 1996இல் பின்னி ஆலைகள் நிலையாக மூடப்பட்டன. அதே ஆண்டில் பேசின் பிரிட்ஜில் 120 மெகாவாட் திறனுள்ள எரிவாயுச் சுழலி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆலை இழந்த வேலைகளோடு ஒப்பிட்டால் அது தந்த வேலைகள் மிகச் சில. ஆலைத் தொழிலாளியின் மகன் ஆட்டோ ஓட்டுநராகவும், ரயில் பெட்டிகளைக் கழுவும் ஒப்பந்தப் பணியாளராகவும், மகள் சவுக்கார்பேட்டை வீடுகளில் வேலை செய்பவராகவும் ஆயினர். மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் இருந்த ஒரு தலைமுறைக்குப்பின், ஆட்டோவின் நாள்வாடகையும் ஒப்பந்தக்காரர் தரும் கூலியுமாக வாழ்க்கை மீண்டும் நாள்கணக்குக்கு வந்தது.

இத்தகைய வேளையில்தான் மறுகுடியமர்வு என்ற கொள்கை முழு வேகம் பெற்றது. 2000 முதல் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என நகரின் தெற்கு எல்லைக்கு வெளியே பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப்பின் நீர்நிலைகளை மீட்கும் பணியாகக் கூவத்தின் கரைகளிலிருந்து குடும்பங்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. சென்ட்ரலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகரும் அவற்றுள் ஒன்று. பேசின் பிரிட்ஜிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. டெம்பிள் காலத்து விதி கேட்ட பத்து மைல் என்பது 16 கிலோமீட்டர். வெள்ள அபாயமுள்ள கரையில் மக்களை விட்டுவைக்கலாகாது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி அரசே பறக்கும் ரயிலுக்குத் தூண்களை நட்டதும், புதிய குடியிருப்புகள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பிலேயே எழுந்ததும் அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்கின்றன. வீடு கான்கிரீட்டாக மாறியது, ஆனால் அதிகாலையில் கொத்தவால்சாவடியில் மூட்டை இறக்கியவருக்கும், காலையும் மாலையும் இரு வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்கும் பேருந்துக் கட்டணமும் மூன்று மணிநேரப் பயணமும் கூலியைத் தின்றன. பலர் ஒதுக்கப்பட்ட வீட்டைப் பூட்டிவிட்டோ உள்வாடகைக்கு விட்டோ பழைய வட்டாரத்தில் வாடகை அறைக்குத் திரும்பினர். அவ்வாறு திரும்பியவர்களைப் பற்றி அதிகாரிகள் சொல்லும் குற்றச்சாட்டு, தேவையில்லாதவர்கள்தான் வீட்டை வாங்கிவிட்டு விற்றுவிடுகிறார்கள் என்பது. தூரத்துக்கு வராதவர் தேவையற்றவர் என்று 1877இல் செய்த அதே முடிவு இது.

இடத்திலேயே கட்டும் பழைய கொள்கை அறவே மறையவுமில்லை. புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்கா பகுதியில் வாரியம் கட்டிய புதிய அடுக்குமாடி வீடுகளில் மக்கள் குடியேறிய சிறிது காலத்திலேயே, 2021 ஆகஸ்டில், சுவர்ப்பூச்சு விரல் பட்டால் உதிர்வது வெளியாகிச் சட்டமன்றம் வரை பேசப்பட்டது. ஐஐடி வல்லுநர்களைக் கொண்டு ஆய்வும் நடத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. உதிரும் சுவரைப் பற்றிச் சீற்றத்தோடு முறையிட்ட அக்குடும்பங்கள், பெரும்பாக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை: பூச்சை மறுபடி பூசலாம், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வேலையை அப்படிக் கொண்டுவர முடியாது. வாரியத்தின் பழைய வீடுகளில் இரண்டு தலைமுறையாக வாழ்ந்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் இன்னும் உள்ளன. பத்திரம் இல்லாததால் வங்கிக் கடனுக்கு அவ்வீடு ஈடாகாது. மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேவைப்படும் மாலையில் வாசலுக்கு வருபவர் இன்றும் தண்டல்காரர்தான்.